தையல் மெஷினை மிதித்ததும் திரும்பினாள், காது கேட்கிறது என்று நம்பி இருந்துவிட்டோம்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் என் சித்தி மகள் போன் செய்தாள். அந்த நேரத்தில் பேசுகிறவள் இல்லை அவள். குழந்தைக்கு 11 மாதம் முடியப் போகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சில சமயம் திரும்புகிறான், பல சமயம் இல்லை. "அக்கா, எங்க அத்தை மூணு வயசு வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம்ங்குறாங்க, இவங்க அப்பாவே லேட்டாத்தான் பேசினாராம், நீ என்னக்கா சொல்ற?" என்று கேட்டாள். பொறுக்காதே, ஒரு வாரம்கூடப் பொறுக்காதே என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் எனக்கும் தூக்கம் வரவில்லை. போனில் சொல்ல முடியாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், அவளுக்கும், இதே கேள்வியோடு ராத்திரியில் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேறு யாருக்காவதும்.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. மகளுக்கு இப்போது 9 வயது, மகனுக்கு 4. இரண்டு பேரும் காதில் ப்ராசஸர் என்ற கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு தமிழ் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் கோள் சொல்கிறார்கள். ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே குறை. கண்டுபிடித்த வயது மட்டும்தான் வேறு. மகளுக்கு 2 வயது 1 மாதத்தில் தெரிந்தது. மகனுக்கு ஆறாவது வாரத்தில் தெரிந்தது. இடையில் உள்ள அந்த இரண்டு வருடம் ஒரு குழந்தையிடம் என்னவெல்லாம் செய்யும் என்பதைத் தினமும் என் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வீட்டில் தையல் தைக்கிறவள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பக்கத்தில் பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்துவிட்டுத் தைப்பேன். மெஷினை மிதித்ததும் தலையைத் திருப்பிப் பார்ப்பாள், நிறுத்தினால் முகம் மாறும். "என் பேத்திக்கு என்னா காது பாரு" என்று என் அத்தை, அதாவது என் மாமியார், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். சிமெண்ட் தரை வழியாகப் பாய்க்கு வந்த அதிர்வு அது. பிள்ளை முதுகால் உணர்ந்து திரும்பியிருக்கிறாள். நடுவில் ஒருநாள் அத்தைக்கே சந்தேகம் வந்து, அவளுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினார். உடனே திரும்பினாள். எல்லோருக்கும் உயிர் வந்தது. அத்தையின் நிழல் சுவரில் அசைந்திருக்கும், இல்லை சேலைக் காற்று பட்டிருக்கும். காது கேட்காத குழந்தைக்குக் கண்ணும் தோலும் அவ்வளவு விழிப்பாக இருக்கும். வீட்டில் தட்டிப் பார்க்கிற, கைதட்டிப் பார்க்கிற எந்தச் சோதனையையும் நம்பாதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

ஆ, ஊ என்று சத்தமும் போட்டாள். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் அப்படிச் சத்தம் போடும் என்பது எங்களுக்குத் தெரியாது. தன் குரலே தனக்குக் கேட்காததால் அது "பபபப", "மமமம" என்று அடுக்கடுக்காக வரும் மழலைக்கு வளராமல் தேய்ந்துவிடும். அதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. "பொம்பளப் புள்ள அமைதியா இருக்கா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

அவளுடைய இரண்டாவது தீபாவளிக்கு அவளுக்கு 13 மாதம். வாசலில் யாரோ ஆயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார்கள், தெருவே அதிர்ந்தது, அவள் என் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் போனோம். அவர் காதுப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினார், அவள் விரலைப் பார்த்தாள், "கேக்குதும்மா, சில குழந்தைங்க மெதுவாத்தான் பேசும், மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்கு ஒரு வருடம் போனது. அவரைத் திட்ட இதை எழுதவில்லை, அன்றைக்கு நாங்களும் அந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஆசைப்பட்டுப் போயிருந்தோம்.

கடைசியில் பெரா டெஸ்ட் எடுத்தபோது 2 வயது தாண்டிவிட்டது. தூங்கும் குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் டக் டக் என்று சத்தம் கொடுத்து, நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. குழந்தை கையைத் தூக்க வேண்டாம், தலையாட்ட வேண்டாம், தூங்கினால் போதும், பிறந்த குழந்தைக்குக்கூட எடுக்கலாம். நாம் பேசுவது சுமாராக 60 டெசிபல். அவளுக்கு இரண்டு காதிலும் 90 கொடுத்தும் கோடு எழவில்லை. அந்தப் பரிசோதனை எடுத்த பெண் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது. "அக்கா, காதுல இருக்குற பழுதுக்கு மெஷின் இருக்கு, ஆபரேஷன் இருக்கு. எனக்குக் கவலையெல்லாம் அதுக்குப் பின்னாடி இருக்குற மூளையைப் பத்தித்தான்."

அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து, தெரபி, அதாவது கேட்கவும் பேசவும் கொடுக்கும் பயிற்சி, முடியக் காத்திருந்த நேரத்தில் எல்லாம் படித்து, கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. வயிற்றில் 25 வாரம் ஆகும்போதே குழந்தையின் உள்காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்று இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்து, ஒரு மாதிரிச் சப்பினால் தாயின் குரலும் வேறு மாதிரிச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி வைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் தாயின் குரல் வருகிற மாதிரியே சப்பின. பிறக்கும்போதே அவர்களுக்குச் சில மாதம் கேட்ட அனுபவம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். என் மகள் இரண்டு வயதில் அந்த முதல் நாளுக்கே வரவில்லை.

மூளை சும்மா காத்துக்கொண்டு இருப்பதில்லை என்பதுதான் இதில் கொடுமை. பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற நரம்பியல் மருத்துவர் மனித மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்து நரம்புச் செல்களுக்கு நடுவில் உள்ள இணைப்புகளை எண்ணியவர். கேட்கும் பகுதியில் அந்த இணைப்புகள் பிறந்து மூன்று மாத வாக்கில் உச்சத்துக்குப் போகின்றன, யோசிப்பதற்கான முன்பகுதியில் அது இன்னும் வெகு காலம் கழித்துத்தான் வருகிறது. அதற்கப்புறம் புழங்கும் இணைப்பு கெட்டிப்படும், புழங்காதது போய்விடும். கீரைப் பாத்தியில் நெருக்கமாக முளைத்ததைக் கலைத்து விடுவோமே அந்த மாதிரி. எதை வைப்பது, எதைப் பிடுங்குவது என்பதைக் குழந்தைக்கு அன்றாடம் என்ன கிடைக்கிறதோ அது தீர்மானிக்கிறது. டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் ஒரு பழுதும் இல்லை, ஆனால் அந்தக் கண் அனுப்பியதை மூளை எடுத்துக்கொள்ளவே இல்லை. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடி வைத்துத் திறந்தால் அப்படி ஒன்றும் ஆவதில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பூனைக்குட்டிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

காதுக்கு அதே கணக்கைப் போட்டவர் அனு சர்மா. ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியை வைத்த குழந்தைகளுக்குச் சத்தம் கொடுத்து, மூளையின் கேட்கும் பகுதி எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்று அளந்தார். 2002இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை வயதுக்குள் வைத்த குழந்தைகளின் மூளை அந்த வயதுக் குழந்தைகளைப் போலவே பதில் சொன்னது, 7 வயதுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி வரவில்லை. காலி மனையை ரொம்ப நாள் சும்மா விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மாடு கட்டி, வைக்கோல் படப்பு போட்டு, அப்புறம் எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவாரே, அந்த மாதிரி சத்தம் வராத பகுதியைப் பார்வையும் தொடுதலும் பிடித்துக்கொள்கின்றன. மூன்றரை வயது என்று படித்த ராத்திரி விரல் விட்டு எண்ணினேன். மகளுக்கு 2 வயது 10 மாதத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. எட்டு மாத இடைவெளியில் தப்பித்திருக்கிறோம்.

ஆபரேஷன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அதில் செய்கிறார்கள், இல்லாவிட்டால் எங்கள் மாதிரிக் குடும்பம் பல லட்ச ரூபாய்க்கு எங்கே போவது. நல்ல காதில் சத்தத்தை உணரும் மயிர்ச் செல்கள் சுமார் 15,000 இருக்கும். அவை செய்ய வேண்டிய வேலையை இம்ப்ளான்டில் ஒரு மெல்லிய கம்பியில் உள்ள 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன, கம்பெனிக்குக் கம்பெனி எண்ணிக்கை மாறும். பெரிய வயதில் காது போய் இதை வைத்துக்கொண்டவர்கள், முதலில் எல்லாக் குரலும் ரோபோ பேசுவது மாதிரி இருந்தது என்று சொல்வார்கள். குழந்தையின் மூளை அந்தச் சில முனைகள் கொடுப்பதை வைத்துக்கொண்டே அம்மாவின் குரல் எது, அப்பத்தாவின் குரல் எது, காக்கா எது என்று பிரித்துக்கொள்கிறது. இந்த ஒன்றை நினைத்து நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் கருவியை முதன்முதலாக ஓட விடுவதை ஸ்விட்ச் ஆன் என்பார்கள், அன்றைக்கு வீடியோக்களில் வருகிற மாதிரி அவள் சிரிக்கவில்லை. கண் விரிந்தது, உதடு கோணியது, தலையில் ஒட்டியிருந்த காயிலை, அதாவது கருவியின் வட்டத் தகட்டை, பிடுங்கி எறிந்துவிட்டு என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், பயப்படுகிற அளவுக்கு ஏதோ கேட்டிருக்கிறதே என்று. அந்த நாளிலிருந்துதான் "கேட்கும் வயது" கணக்கு ஆரம்பம். உடம்புக்குக் கிட்டத்தட்ட மூன்று வயது, காதுக்குப் பிறந்து ஒரு நாள்.

ஆபரேஷன் முடிந்தால் பிள்ளை பேசிவிடும் என்று நினைத்துக்கொண்டு வரும் குடும்பங்களைத் தெரபி வாசலில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் கதவைத் திறந்து விடுகிறது, அவ்வளவுதான். அப்புறம் விழித்திருக்கும் நேரம் முழுக்க மாட்டியிருக்க வேண்டும், கருவியின் அளவைக் குழந்தைக்கு ஏற்ற மாதிரிச் சரிசெய்யும் மேப்பிங்குக்குத் தவறாமல் போக வேண்டும், வீட்டில் நாள் முழுக்கப் பேச வேண்டும். காலையில் மாட்டியதும், நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க லிங் சத்தம் ஆறு. ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, கேட்டதும் ஒரு சோழியை டப்பாவில் போடுவாள். பேச்சில் வரும் தாழ்ந்த சத்தம் முதல் மிகக் கூர்மையான சத்தம் வரை அந்த ஆறில் அடங்கிவிடும். "ஸ்" சொல்லும்போது மட்டும் சோழி கையிலேயே நின்றால் மைக்கில் வியர்வை இறங்கியிருக்கும், ராத்திரி உலர் பெட்டியில் வைக்க மறந்திருப்போம். இந்த ஆறு சத்தத்தை ஒரு நாளும் விட்டதில்லை, கல்யாண வீட்டிலும் விட்டதில்லை.

எங்கள் தெரபி டீச்சர் சொல்லிக் கொடுத்த முதல் விதி, முதலில் கேட்கட்டும், அப்புறம் காட்டு. கடுகு தாளிக்கப் போகிறேன் என்றால் அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, "கேளு... என்னமோ வெடிக்குது" என்று காதைத் தொட்டுக் காட்டி, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் சட்டியைக் காட்டுவேன். குக்கர் விசில், பால்காரர் மணி, மிக்ஸி, கதவுத் தாழ்ப்பாள், எல்லாம் அப்படித்தான். ஸ்விட்ச் ஆன் ஆகி ஏழாவது மாதம், ஒரு மத்தியானம், நான் தைத்துக்கொண்டிருக்கும்போது என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். குழாயடியில் பிளாஸ்டிக் குடத்துக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரலைத் தன் காதில் வைத்தாள், அப்புறம் குடத்தைக் காட்டினாள். நான் கேட்கச் சொல்லாமல் அவளாகக் கேட்ட முதல் சத்தம் அது. குழாய் வாஷரை மாற்ற என் கணவர் கிளம்பியபோது ஒரு வாரம் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

போனில் பாட்டு போட்டுக் கொடுத்தால் பேச்சு வராதா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு ஆய்வைச் சொல்வேன். பட்ரிசியா குல் அமெரிக்காவின் சியாட்டிலில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கிப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்குச் சீனம் பேசும் ஆள் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி விளையாடினார், 12 முறை. இன்னொரு கூட்டத்துக்கு அதே விளையாட்டு, அதே கதை, டிவியில். நேரில் விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். டிவி பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2003இல் வந்த ஆய்வு. 2018இல் ரேச்சல் ரோமியோ என்பவரும் கூட்டாளிகளும், 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் வீட்டில் காதில் எத்தனை வார்த்தை வாங்குகிறார்கள் என்பதைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறி எத்தனை தடவை பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதியோடு ஒட்டி வருகிறது என்று காட்டினார்கள்.

எங்கள் வீட்டில் இதை எல்லாம் படிக்காமலே செய்தவர் என் அத்தை. பேத்தியின் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, சோறு பிசைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய் ஊட்டி, கடைசியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கு முன்னால் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார். பிள்ளை ஏதாவது ஒரு சத்தம் போட்டால்தான் கை நகரும். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. தெரபி டீச்சர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இதுக்குத்தான் எங்களை நாலு வருஷம் படிக்க வச்சாங்க" என்றார். இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னவரும் இதே அத்தைதான். அவர் அதை மறக்கவில்லை, அதனால்தான் இந்த உழைப்பு உழைத்தார் என்று நினைக்கிறேன்.

சரி, மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடுதான் படிக்கிறாள், நான்காம் வகுப்பு. கணக்கில் கெட்டி. பேசினால் புரியும். ஆனால் போன அந்த இரண்டு வருடம் தமிழ் ஒட்டுகளில் தன் வேலையைக் காட்டுகிறது. தமிழில் அர்த்தமே சொல்லின் வாலில்தானே தொங்குகிறது. "கடைக்கு", "கடையில", "கடையிலேருந்து" மூன்றும் வேறு வேறு, ஆனால் அந்த வால் குரல் இறங்கும் இடத்தில், அவசரமாக வருகிறது. "கடை போனேன்", "அம்மா கொடு" என்றுதான் அவளுக்கு ரொம்ப நாள் வந்தது. ஒவ்வொரு வேற்றுமை உருபையும் பாசி மணி கோர்க்கிற மாதிரி ஒன்றொன்றாகக் கோர்த்துச் சொல்லிக் கொடுத்தோம். "அப்பாவை அடிச்சான்", "அப்பா அடிச்சான்" என்று பொம்மையை வைத்து மாதக் கணக்கில் விளையாடினோம். இன்றைக்கும் பாடத்தில் நீளமான வாக்கியம் வந்தால் யார் யாரை என்ன செய்தது என்று நடுவில் தொலைத்துவிடுகிறாள், விரலை வைத்துத் திரும்ப ஆரம்பத்திலிருந்து வருகிறாள்.

மகன் பிறந்த இரண்டாம் நாளே ஓ.ஏ.இ. என்ற முதல்கட்டக் காது சோதனையை எடுக்கச் சொல்லி நான் அடம்பிடித்தேன். காதில் சின்ன ரப்பர் முனையை வைத்தால் சில நிமிட வேலை. "ரெஃபர்" என்று வந்தது, மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். பிறந்த குழந்தையின் காதில் கசடு இருந்தாலும் அப்படி வரலாம், ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம் என்றார்கள், எடுத்தோம், மறுபடியும் அதேதான். ஆறாவது வாரம் பெரா. மூன்றாவது மாதம் அவனுடைய குட்டிக் காதில் மெஷின். ஒரு வயது ஒரு மாதத்தில் ஆபரேஷன். அவனுக்கு நாங்கள் வேற்றுமை உருபு எதையும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று வயது ஆகும் முன்னே ஒருநாள் அக்காவின் பென்சிலைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே, "தாத்தாக்குக் குடுக்கப் போறேன்" என்று கத்தினான். நானும் என் கணவரும் அந்த "க்கு"வைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டோம். மகளுக்கு ஒன்றரை வருடம் பாடுபட்டு வாங்கிக் கொடுத்தது அது. இவன் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டான்.

இரண்டு பேரும் வேறு வேறு பிள்ளைகள், சுபாவமும் வேறு, எங்களுக்கும் இரண்டாவது தடவை கை பழகியிருந்தது, அது எல்லாம் உண்மை. ஆனால் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோ 1998இல் 150 குழந்தைகளை வைத்து இதையேதான் பார்த்தார். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தொடங்கிய குழந்தைகளின் மொழி, அதற்கப்புறம் கண்டுபிடித்தவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குவது என்று உலகம் முழுக்க இன்று சொல்லும் 1-3-6 கணக்குக்குப் பின்னால் இந்த மாதிரி ஆய்வுகள்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் செய்த தவறு இருக்கிறது. மகளுக்குத் தெரிந்ததிலிருந்து ஸ்விட்ச் ஆன் வரை பத்து மாதம். அப்போது யாரோ, சைகை காட்டாதே, காட்டினால் பேச்சு வராது என்றார்கள், நானும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்தப் பத்து மாதம் எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் மொழி என்று ஒன்றுமே இல்லை. பசித்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். மூளைக்கு வேண்டியது மொழி, அது காது வழி வந்தாலும் கை வழி வந்தாலும் அதற்கு மொழிதான். நிகரகுவா நாட்டில் 1970களின் கடைசியில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாக ஒரே பள்ளியில் நிறையப் பேராகச் சேர்த்தபோது, யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்களுக்குள் ஒரு முழுச் சைகை மொழி பிறந்தது. சின்ன வயதில் வந்து சேர்ந்தவர்களின் கைதான் அதில் சரளமாக ஓடியது. மகனுக்கு நாங்கள் பால், சோறு, அம்மா, வலிக்குது எல்லாவற்றுக்கும் மூன்றாம் மாதத்திலிருந்தே கையும் காட்டினோம், வாயும் பேசினோம். அவன் பேச்சு ஒன்றும் கெட்டுவிடவில்லை. இன்றும் ராத்திரி ப்ராசஸரைக் கழற்றிய பிறகு அக்காவும் தம்பியும் நைட் லாம்ப் வெளிச்சத்தில் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார்கள். ஆபரேஷன் முடியாது என்று சொல்லப்பட்ட குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், வேறு வழி இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள், சைகை மொழியை நீங்களும் சேர்ந்து இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்தில்தான் நடக்கிறது. பரம்பரையாக வரும் காது கேளாமை பெரும்பாலும் ஒளிந்து வருகிற குறை. அப்பாவிடம் ஒரு பிரதி, அம்மாவிடம் ஒரு பிரதி, இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும், இரண்டும் ஒரு குழந்தையில் சேரும்போதுதான் வெளியே தெரியும். நான்கில் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக. எங்களுக்கு இரண்டு தடவையும் விழுந்தது. யார் ரத்தம், யார் பக்கம் என்று எங்கள் குடும்பத்தில் பேசிய பேச்சுக்குப் போன நாட்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, அந்த நாட்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டெஸ்டுக்குப் போயிருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், குறை மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றிய குழந்தை, மூளைக் காய்ச்சல் வந்த குழந்தை இருக்கும் வீட்டார் யாரும் சந்தேகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளைச் சோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வரும்போது சொல்லுங்கள், மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் டி.இ.ஐ.சி. என்ற குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்து உதவும் மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, நேராகப் போகலாம்.

நேற்று சித்தி மகள் மறுபடி பேசினாள். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு பெராவுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்களாம். அவளுடைய அத்தையும் கூட வருகிறாராம், அதில் எனக்குச் சந்தோஷம். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காதே, ஒயர் ஒட்டாது. விடியக்காலை நான்கு மணிக்கே எழுப்பிவிடு, அங்கே போய்த்தான் அவன் தூங்க வேண்டும். பாலை மிச்சம் வை, எப்போது கொடுக்கலாம் என்று அங்கே கேட்டுக்கொண்டு கொடு. பஸ் ஆடினதும் கண் சொக்கும், விட்டுவிடாதே, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மாடு, டிராக்டர், செங்கல் சூளை எல்லாம் காட்டிக்கொண்டே வா. அவன் முகத்தை உன் பக்கம் திருப்பி வைத்துப் பேசு, கையாலும் காட்டு. பத்து மணிக்கு நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், பாப்பாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.